இலைத்துளையோ இலைவாயோ? ஆர்க்கிடுச் செடிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

நிலைத்திணைகளின் இலைகளிலும் பசுந்தண்டுகளிலும் வெறுங்கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய வழிகள் பல உள. கரியமிலவாயு அவற்றின் வழியே உட்புகுகின்றது. நீராவியும் உயிர்வளியும் அவற்றின் வழியே வெளிப்படுகின்றன. இவ்வழியினைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'இலைத்துளை' என வழங்குகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'இலைவாய்' என வழங்குகின்றன. கடலின் இருகரையிலும் தமிழ் பயிலும் மாணவர் ஒரு பொருளுக்கே இரு பெயர் கற்கின்றனர். இவ்விரண்டும் ஒருபொருட் பன்மொழியாக நின்றுவிட்டால் கேடில்லை. ஆயின் துளை வேறு, வாய் வேறு. ஆதலின் இவற்றுள் எது அப்பொருளின் இயல்பொடு பொருந்துவது என்னும் வினா எழுகின்றது.

யாம் நிலைத்திணைநூல் வல்லேம் அல்லேம். சொல்லாராய்ச்சியே எம் தொழில். எனினும், ஒரு சொல் பொருத்தமுடையதா என்று துணிவதற்கு அச்சொல் சுட்டும் பொருளின் தோற்றத்தையும் தொழிலையும் அறிதல் வேண்டும். அவ்வறிவிற்கு ஆர்க்கிடுச் செடிகள் பெரிதும் துணைபுரிகின்றன. ஏனைய செடிகளிற் பொதுவிதியாகக் கூறப்படுவன பலவும் இக்குடும்பத்திற் சோதனைக்கு உள்ளாகின்றன. அவற்றை முன்வைத்து இவ்வழியின் தோற்றத்தை முதற்கண் விளக்கி, அதன்பின் சொல்லாராய்ச்சியுட் புகுவாம்.

2. தளவானூர் வாயிற்காவலர்

செஞ்சியை அடுத்த தளவானூரில், பஞ்சபாண்டவர் மலை என்னும் குன்றின் தென்முகத்தில், முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைத்த சத்துருமல்லேசுவரம் என்னும் குடைவரைக் கோயில் உளது. அதன் முகப்பில் தூண்களுக்கிடையே மகர தோரணம் விளங்குகின்றது. இரு கோடியிலும் வாயிற்காவலர் உருவங்கள் நிற்கின்றன. முதுகலை மாணவருடன் அக்கோயிலைக் காணச் சென்றபோது, மாணவர் ஒருவர், "கட்டடக் கோயிலின் வாயிற்காவலர்க்கும் இவர்க்கும் வேறுபாடு யாது?" என வினவினார். கட்டடக் கோயிலில் சுவர் வேறு கல். நிலை வேறு கல். காவலர் வேறு கல். குடைவரையிலோ சுவரும் காவலரும் ஒரே பாறை. அப்பாறையிலிருந்து நீக்கப்பட்ட இடமே வாயில் என விடை கூறினோம்.

அவ்விடை பின்னர் இலைவழியின் தோற்றத்தை அறியப் புகுந்த எமக்குப் பயன்பட்டது. இலையின் ஒவ்வொரு வழிக்கும் இருபுறத்தும் இரண்டு உயிரணுக்கள் (செல்கள்) நிற்கின்றன. தமிழ்நாட்டார் இவற்றைக் காப்புச் செல்கள் என்பர். இலங்கையார் காவற்கலங்கள் என்பர். இவை கட்டடக் கோயிற் காவலர்போல வேறிடத்திலிருந்து கொணர்ந்து நிறுத்தப்பட்டன அல்ல. குடைவரைக் காவலர்போல அத்தோலின் உறுப்பாகவே தோன்றியவை. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. குடைவரையிற் சிற்பி பாறையை வெட்டி நீக்கி வாயில் அமைக்கின்றான். இலையில் எவ்வுயிரணுவும் வெட்டி நீக்கப்படுவதில்லை. அவ்வாயில் அமையும் முறையை இனிக் காண்பாம்.

3. ஆர்க்கிடுச் செடியின் நிலை

தொல்காப்பிய மரபியல், வெளியே வயிரமுடையவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரமுடையவற்றை மரம் என்றும் பகுக்கின்றது. ஓலை, மடல், ஏடு முதலிய உறுப்புப் பெயர்களைப் புல்லுக்கும், இலை, முறி, தளிர் முதலியவற்றை மரத்துக்கும் அது உரிமை செய்கின்றது. இப்பகுப்பு இக்கால நூலாரின் ஒருவிதையிலை, இருவிதையிலைப் பகுப்பொடு முற்றும் ஒவ்வாதாயினும் அதற்கு அணித்தாகச் செல்லுதலை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆர்க்கிடு ஒருவிதையிலைக் குடும்பம். மரத்தின்மீது வாழினும் அது மரத்தொடு சேராது. புல்லும் பனையும் நிற்கும் பக்கமே நிற்கும்.

தமிழகத்துச் சமவெளிக் காடுகளிலும் குன்றுச் சாரல்களிலும் மரக்கிளைகளைப் பற்றி வாழும் 'வாண்டா தெசலேட்டா' நம்மவர் எளிதிற் காணக்கூடிய ஆர்க்கிடு. இராக்சுபரோ என்பார் சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றி எழுதிய பெருநூலில் 1795ஆம் ஆண்டிலேயே இதனைப் படத்துடன் வெளியிட்டுள்ளார். 'வாண்டா' என்பது வடமொழிப் பெயரின் வழிவந்தது. கிளைமேல் வாழ்வதால் இதனைப் புல்லுருவியோடு ஒன்றாகக் கருதுவார் உளர். அது பிழை. இது மரத்தின் சாற்றை உண்பதன்று. நிற்க இடம் மட்டும் பெறுவது. மழையும் பனியும் காற்றும் கொடுப்பதைக்கொண்டே வாழவேண்டியிருத்தலின், உள்ளே புகுந்த நீரை எளிதில் இழக்க அதற்கு இயலாது. எனவே நீர் வெளியேறும் வழியின் காவல் அதற்கு உயிர்நிலையான செய்தி.

ஆர்க்கிடுத் தோலை நுணுகிக் கண்டமையால் விளைந்த ஒரு பெரும்பயனை ஈண்டுச் சுட்டுதல் தகும். இராபர்ட்டு பிரௌன் என்னும் அறிஞர் 1831இல் இலண்டனிற் படித்த கட்டுரையில், ஆர்க்கிடு இலையின் புறத்தோல் உயிரணு ஒவ்வொன்றினுள்ளும் ஒரு வட்டமான பொருள் இருத்தலைக் குறித்து, அதற்கு உட்கரு எனப் பெயரிட்டார். உயிர்நூல் முழுவதற்கும் அடிப்படையாகிய அப்பெயர் இச்செடிகளின் தோலைக் கண்டதிலிருந்து நிலைபெற்றது.

4. வாயில் அமையும் முறை

இருவிதையிலைச் செடியின் இலையில் முதிர்ந்த வழிகளும் இளையனவும் பெரும்பாலும் விரவிக் கிடக்கும். ஒருவிதையிலைச் செடியின் நீண்ட இலையோ அடியிலிருந்து வளர்வது. அடிப்பகுதி இளமையும் நுனிப்பகுதி முதிர்ச்சியும் உடையது. ஆதலின் வளரும் ஓர் இலையை அடிமுதல் நுனிவரை தொடர்ந்து கண்டால், இவ்வழியின் வரலாறு முழுவதும் வரிசையாக அமைந்திருத்தலைக் காணலாம்.

முதலில், தோலின் இளைய உயிரணு ஒன்று சமமின்றி இரண்டாகப் பிரிகின்றது. பெரியது பொதுத் தோலாக நின்றுவிடுகின்றது. சிறியது, ஒருவிதையிலைச் செடிகளில் வழக்கமாக இலைநுனியை நோக்கிய பக்கத்தில் அமைவது, காவல் உயிரணுக்களின் தாயாகின்றது. அடுத்து, அத்தாய் சமமாக இரண்டாகப் பிரிகின்றது. அவ்விரு மகவும் முதலில் ஒரே சுவரால் ஒட்டியே இருக்கின்றன. அந்நிலையில் வழி என ஒன்று இல்லை. பின்னர் அப்பொதுச் சுவரின் நடுப்பகுதி மட்டும் நெகிழ்ந்து இரண்டாகப் பிளக்கின்றது. இரு முனைகளும் ஒட்டியபடியே நிற்கின்றன. பிளவுபட்ட அவ்விடமே வழி. இறுதியாகக் காவலர் இருவரும் அவரைவிதைபோல வளைந்த வடிவு பெறுகின்றனர். வழியை ஒட்டிய சுவர் தடிக்கின்றது. மரத்தில் வாழும் ஆர்க்கிடுகள் பலவற்றில் வழிக்கு மேலே மெழுகுத்தோல் விளிம்பாக எழுந்து ஒரு சிறு முன்றிலையும் அமைக்கின்றது.

இதனால் அறியப்படுவது யாது? துளை முன்னும் காவல் பின்னும் தோன்றவில்லை. காவலே முன் தோன்றியது. ஒரு தாய் வயிற்றுப் பிறந்த இருவர் சிறிது விலகி நின்றமையால் உண்டான இடைவெளியே வாயில். எதனையும் துளைத்து ஆக்கியது அன்று.

காவலரின் தொழிலும் இதற்கேற்ப அமைகின்றது. பொட்டாசிய உப்புக்கள் உட்புகக் காவலுயிரணுக்கள் நீரை ஈர்த்துப் பருக்கின்றன; பருக்கவே வளைந்து விலகுகின்றன; வாயில் திறக்கின்றது. நீர் வெளியேறத் தளர்கின்றன; வாயில் அடைகின்றது. தடித்த இலையுடைய மரவாழ் ஆர்க்கிடுகள் பல பகலில் அடைத்து இரவில் திறக்கின்றன. இரவிற் பெற்ற கரியமிலவாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாட் பகலில் வாயிலை அடைத்தபடியே அதனைக்கொண்டு உணவு சமைக்கின்றன. பகல் வெயிலில் நீர் இழப்பதைத் தவிர்க்கும் வழி இது.

5. வடிவும் வழியும்

பாடநூல்கள் சில, காவலுயிரணுக்களை ஏனைத் தோலுயிரணுக்களினின்று பிரித்தறியப் பச்சையம் உடைமையை அடையாளமாகக் கூறும். அகத்தியமலைத் தொடருக்கே உரியதும், பேராசையாற் பறிக்கப்பட்டு அழியும் நிலை எய்தியதுமாகிய 'பாபியோபெடிலம் துரூரி' என்னும் ஆர்க்கிடு நம்மவர் பலர் பெயரளவில் அறிந்தது. அது சார்ந்த பாபியோபெடிலம் பேரினத்துச் செடிகளின் காவலுயிரணுக்களிற் பச்சையம் இல்லை என்பதும், அவை அதுவின்றியே திறந்தடைக்கின்றன என்பதும் 1975இல் வெளிப்படுத்தப்பட்டன. எனவே நிறத்தைக்கொண்டு காவலரை வரையறுத்தல் வழுவாகின்றது. ஒரு தாய்க்குப் பிறந்து, நடுவே பிளந்து, திறந்தடைக்கும் இரண்டு என்னும் வரையறையே வழுவாது நிற்கின்றது.

காவலர்க்கு அண்மையில் உருவம் வேறுபட்டு நிற்கும் உயிரணுக்களைத் துணைச் செல்கள் என்பர். இவற்றின் எண்ணும் வரிசையும் நோக்கி வகைசெய்யும் முறையை மெற்காபு, சாக்கு என்னும் இருவர் 1950இல் விரிவாக அமைத்தனர். ஒருவிதையிலைச் செடிகளை இத்துணையுயிரணுக்களின் எண்ணிக்கையால் ஆராய்ந்து 1961இல் கட்டுரை வரைந்தோர் தெபின்சும், பின்னாளில் நெல்லாராய்ச்சியாற் புகழ்பெற்ற குர்தேவ் கூசும் ஆவர். இவை முதிர்ந்த வடிவு நோக்கிய வகைகள்.

அலகாபாத்துப் பேராசிரியர் பந்து என்பார் 1965இல் வேறொரு வினாவை எழுப்பினார். துணையுயிரணு எவ்வாறு தோன்றுகின்றது என்பதன்றி, எக்குடியிற் பிறந்தது என்பதே அவ்வினா. காவலரின் தாய் தோன்றிய அதே மரபிற் பிறந்தனவும் உண்டு. அயலில் நின்ற உயிரணு பிரிந்து துணையாயினவும் உண்டு. ஒன்று அம்மரபினதும் மற்றொன்று அயலதும் ஆகக் கலந்தனவும் உண்டு. இம்மூன்றினையும் முறையே தற்கிளை, அயற்கிளை, இருகிளை என யாம் பெயரிட விழைகின்றோம். கிளை என்னும் சொல் உறவினையும் செடியின் பிரிவினையும் ஒருங்கே குறித்தலின் ஈண்டுப் பொருந்தும்.

இவ்வகைப்பாட்டின் பயன் ஆர்க்கிடுகளில் நன்கு விளங்கியது. 1975இல் வில்லியம்சு என்னும் ஆய்வாளர் 'லுடீசியா தெசுகலர்' என்னும் ஆர்க்கிடின் இலையை இளமைமுதல் தொடர்ந்து ஆராய்ந்து, அதன் துணையுயிரணுக்கள் இருகிளைத் தோற்றமுடையன எனக் காட்டினார். டென்மார்க்கு நாட்டு இராசுமுசன் அம்மையார் 1981இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்க்கிடுக் குடும்பத்தின் ஓர் உட்பிரிவினுள்ளேயே தோற்ற வழி பலவாதலை நிறுவினார். முதிர்ந்த நிலையில் ஒன்றுபோலத் தோன்றுவன பிறப்பில் வேறாகலாம் என்பது இவற்றால் உறுதிப்பட்டது.

தமிழிலக்கணம் பயின்றார்க்கு இது புதுமையன்று. 'எட்டு' என்பது ஓர் எண்ணின் பெயர். எள்ளும் துவ்வும் புணர்ந்த புணர்மொழியும் அதுவே. 'தாமரை' என்பது ஒரு பூ. தாவுகின்ற மரை எனப் பிரிப்பினும் அவ்வடிவே. இவற்றை நன்னூலார் பொதுமொழி என்றனர். எழுத்து வடிவம் ஒன்றாயினும் பிறந்த வழி வேறாதலின், பிரித்துக் கண்டன்றிப் பொருள் துணிதல் இயலாது. காவலரின் இருமருங்கும் துணையுயிரணு இரண்டு நிற்கும் இலைத்தோலும் அத்தகைய பொதுமொழியே. அதன் முதிர்ந்த உருவை மட்டும் கண்டு இரு செடிகளை ஓரினம் எனத் துணிவது, ஒலியொப்புமை ஒன்றே பற்றி இரு மொழிச் சொற்களை உறவெனத் துணிவது போன்றதாகும்.

அண்மைக் கால ஆராய்ச்சி இத்தோற்றத்தை ஏவும் மரபுக்கூறுகளையும் கண்டுள்ளது. அரபிடாப்சிசு என்னும் கடுகினச் சிறுசெடியில் 2006, 2007ஆம் ஆண்டுகளில் மூன்று கூறுகள் விளக்கம் பெற்றன. முதலாவது சமமற்ற பிரிவைத் தொடங்குவது. இரண்டாவது காவற்றாயை ஆக்குவது. மூன்றாவது காவலர் இருவரை நிறைவு செய்வது. அவற்றுக்கு ஆய்வாளர் முறையே 'பேச்சற்றது', 'ஊமை' என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்களையும், உரோமரின் ஊர்ப்பேச்சுத் தெய்வமாகிய 'பாமா'வின் பெயரையும் இட்டனர். காரணம் வெளிப்படை. மேனாட்டார் இவ்வழிக்கு இட்ட பெயர் வாய் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். வாயை ஆக்கும் கூறு பழுதுபட்டால் இலை பேச்சற்றதாகின்றது. இப்பெயர்களின் நயம் 'இலைத்துளை' என்று கற்ற மாணவனுக்கு எட்டாது. 'இலைவாய்' என்று கற்றவனுக்கு விளக்கமின்றியே எட்டும்.

புல்லினச் செடி ஒன்றில், 'ஊமை' என்னும் கூற்றின் புரதம் காவற்றாயிலிருந்து அயலுயிரணுவினுட் சென்று அதனைத் துணையாக்குகின்றது என 2017இல் கண்டனர். அயற்கிளைத் தோற்றம் எவ்வாறு ஏவப்படுகின்றது என்பதற்கு இது சான்று. எனினும் புல்லிற் கண்டதை ஆர்க்கிடுக்கு அப்படியே ஏற்றியுரைத்தல் முறையன்று. அதனை அதனிற் கண்டே உரைத்தல் வேண்டும்.

6. தண்டின் வழிகள்

இனி, 'இலைத்துளை', 'இலைவாய்' என்னும் இரண்டினுக்கும் பொதுவான ஒரு குறையைச் சுட்டவேண்டும். இரண்டும் 'இலை' என்னும் அடையுடையன. வழிகளோ இலைக்கு மட்டும் உரியன அல்ல. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட காடுகளிற் படரும் 'வனில்லா வாக்கரியே' என்னும் ஆர்க்கிடுக் கொடியில் இலை வளர்வதில்லை. செதில் அளவே உண்டு. பசிய தடித்த தண்டே இலையின் தொழிலை மேற்கொள்கின்றது. அதன் வாயிலும் தண்டின் தோலிலேயே அமைகின்றது. அதனை இலைவாய் என்பது இலையில்லாததற்கு இலையை ஏற்றுவதாகும்.

ஆத்திரேலியாவின் 'பல்போபில்லம் மினுட்டிசிமம்' என்னும் மிகச் சிறிய ஆர்க்கிடு மேலும் வியப்புக்குரியது. அதன் பருத்த தண்டு உள்ளே குடைவானது. மேலே ஒடுங்கிய திறப்புடையது. அதன் வழிகள் வெளித்தோலில் இன்றி அக்குடைவினுள்ளே மட்டும் அமைந்துள்ளன. வெயிலும் காற்றும் நேரே தாக்காவண்ணம் வாயில்களை உள்ளே வைத்த அமைப்பு அது.

மரங்களின் முதிர்ந்த பட்டையிற் புள்ளிகளாகத் தோன்றும் வழிகள் இவற்றின் வேறு. தண்டு பருக்கும்போது உள்ளே தக்கைத் திசு தோன்றி, நெகிழ்ந்த உயிரணுக்களை மிகுவித்துத் தோலைக் கிழிப்பதால் அவை உண்டாகின்றன. அவற்றுக்குக் காவலர் இல்லை. வேண்டும்போது திறந்து வேண்டாதபோது அடைக்கும் ஆற்றலும் இல்லை. ஆர்க்கிடுத் தண்டு மரம்போற் பருத்துப் பட்டை கட்டுவது அன்றாதலின் இவ்வகை அதனிடம் இல்லை. இவற்றைத் தமிழ்நாட்டார் 'பட்டைத்துளை' என்றும் இலங்கையார் 'பட்டைவாய்' என்றும் வழங்குகின்றனர்.

7. சொல்லாராய்ச்சி

தமிழில் துளை என்பது ஒரு பொருளை ஊடுருவி ஆக்கிய வெற்றிடம். குழலின் துளையும் காதின் துளையும் அன்ன. துளை தானே திறவாது, தானே அடையாது. வாய் என்பதோ உண்ணும் உறுப்பை மட்டும் குறிப்பதன்று. வாயில், கால்வாய், வாய்மடை என்னும் வழக்குகளில் அது புகுதற்கும் போதற்கும் உரிய இடத்தைக் குறிக்கின்றது. வாய்மடையில் உழவன் நின்று வேண்டும்போது திறந்து வேண்டாதபோது அடைக்கின்றான். இருபுறமும் இதழ் அமைந்து, விலகத் திறந்து, கூட அடைவதே வாய். மேற்கூறிய தோற்றமும் தொழிலும் இச்சொல்லொடு முற்றும் பொருந்துகின்றன.

'துளை என்பது பள்ளிகளில் நிலைபெற்றுவிட்டதே. அதனை மாற்றுதல் மாணவர்க்கு இடர் அன்றோ?' எனின், அத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. நிலைபெற்ற சொல்லை நயம் கருதி மாற்றுதல் தகாது என்பதே எம் கொள்கையும். ஆயின் இங்கே மாற்றம் நயம் கருதியதன்று. துளை எனக் கற்கும் மாணவன் இலையைச் சல்லடை எனக் கருதுகின்றான். காவலுயிரணுக்களைத் துளையின் விளிம்பில் பின்னர் வந்து ஒட்டியவை எனக் கருதுகின்றான். உண்மை இதற்கு நேர்மாறானது என மேலே கண்டோம். மேலும், திறந்தடைப்பதனையும் அடையாததனையும் ஒரே துளையால் தமிழ்நாட்டாரும், ஒரே வாயால் இலங்கையாரும் சுட்டுதலின், இன்றியமையாத வேறுபாடு இரு வழக்கிலும் மறைகின்றது.

எனவே யாம் முன்வைக்கும் முடிபு இது. காவலுடையதற்கு இலங்கை வழக்காகிய 'வாய்' என்பதனையும், காவலில்லாததற்குத் தமிழ்நாட்டு வழக்காகிய 'துளை' என்பதனையும் கொள்ளலாம். இலையில் அமைந்தது இலைவாய். தண்டில் அமைந்தது தண்டுவாய். இரண்டிற்கும் பொதுப்பெயர் தோல்வாய். மரப்பட்டையிற் கிழிந்து தோன்றியது பட்டைத்துளை. துணையுயிரணுக்களின் வடிவுவகைக்கு எண்ணும் வரிசையும் குறிக்கும் பெயர்களையும், தோற்றவகைக்குத் தற்கிளை, அயற்கிளை, இருகிளை என்னும் பெயர்களையும் தனித்தனியே ஆளுதல் வேண்டும். ஒன்றனை மற்றொன்றின் இடத்தில் ஆளுதல் கூடாது.

இருநாட்டு வழக்கிலிருந்தும் ஒவ்வொன்று கொள்ளுதலின், இதனால் இழப்பார் எவரும் இலர். நிலைத்திணைநூல் வல்லார் இப்பெயர்களை ஆராய்ந்து கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுவாராக. பெயரிடும் பொறுப்பை அவர்பால் மட்டும் விடுத்து, 'அஃது எம் துறையன்று' எனத் தமிழ் பயில்வார் ஒதுங்குதல் இனியும் தகாது. ஒரு பொருளைப் பிழைபடச் சுட்டும் சொல்லை ஆராயாது வழங்கவிட்டால், அப்பிழையைக் கற்பிக்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.